லாரிக்குள்ளே கச்சேரி! கம்பி தவறினால் தீ!

எருமப்பட்டியில் ஒருவர் புது லாரி வாங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம்.

பாதிப் பணம் கடன். மனைவியின் நகை அடகில் இருக்கிறது. நாமக்கல் பட்டறையில் பாடி கட்டி முடிந்துவிட்டது. முன்னால் சாமி படம் மாட்டியாகிவிட்டது. சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழமும் நசுங்கிவிட்டது.

இனி ஒரே ஒரு குறை. பாட்டு!

"ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டும். பாட்டு இல்லாவிட்டால் கண் சொக்கும்" என்கிறார் அவர்.

கடைக்குப் போகிறார். காரில் வைக்கும் ஆம்ப்ளிபயர் ஒன்று வாங்குகிறார். ஸ்பீக்கர் நான்கு வாங்குகிறார். "தம் தம்" என்று நெஞ்சில் அடிக்கும் ஊபர் பெட்டி ஒன்றும் வாங்குகிறார்.

கம்பி இழுக்க ஒரு வாலிபர் வருகிறார்.

"அண்ணே, அரை மணி நேர வேலை! பேட்டரியிலிருந்து ஒரு கம்பி. வண்டி உடம்பில் ஒரு கம்பி. அவ்வளவுதான். பாட்டு பிய்த்துக்கொண்டு போகும்!"

"பேட்டரி பக்கத்தில் பியூஸ் வேண்டாமா, தம்பி?"

"அது ஆம்ப்ளிபயரிலேயே இருக்கிறது அண்ணே!"

பாட்டு பிய்த்துக்கொண்டுதான் போகும். ஆனால், அந்த ஒரு பதிலால் லாரியே போய்விடவும் கூடும்!

எப்படி என்கிறீர்களா? அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். அந்த வாலிபரின் வேலையில் இன்னொரு பெரிய தவறும் ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

லாரி ஊர்

நாமக்கல் மாவட்டம் 1997-ம் ஆண்டில் சேலத்திலிருந்து பிரிந்தது. முட்டைக்குப் பெயர் பெற்ற மாவட்டம் இது. லாரிக்கு அதைவிடப் பெயர் பெற்றது. வெறும் சட்டமாக வரும் லாரிக்கு மரமும் இரும்பும் வைத்து உடம்பு கட்டும் பட்டறைகள் இங்கே நிறைய உண்டு. வெளி மாநிலத்துக்காரர்களும் இங்கே வந்து பாடி கட்டிக்கொண்டு போகிறார்கள்.

எருமப்பட்டி, நாமக்கல்லுக்கும் துறையூருக்கும் நடுவில் இருக்கிறது. தெருவில் நின்றால் கொல்லிமலை தெரியும். இந்தப் பக்கத்து ஊர்களில் வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் அநேகம். அப்பா வண்டியில் போவார். அம்மாவும் பிள்ளைகளும் வீட்டில் காத்திருப்பார்கள்.

ஆகவே, வண்டிக்குள் ஓடும் கம்பி, டிரைவர் சமாசாரம் மட்டும் அல்ல. குடும்ப சமாசாரம்!

காருக்குள் ரேடியோ வந்த கதை

ஒரு காலத்தில் காரில் பாட்டுக் கேட்பதே அதிசயம்.

அமெரிக்காவில் சிக்காகோ நகரில் பால் கால்வின் என்பவர் இருந்தார். 1930-ம் ஆண்டில் அவருடைய கம்பெனி காருக்கு ஏற்ற ரேடியோ ஒன்றைச் செய்தது. அட்லாண்டிக் சிட்டி என்ற ஊரில் ரேடியோ தயாரிப்பாளர்களின் மாநாடு நடந்தது. மாநாட்டில் கால்வினுக்குக் கடை போட இடம் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் காரை வெளியே நிறுத்தினார். ரேடியோவை உரக்க வைத்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கேட்டார்கள்!

அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் "மோட்டரோலா". பிறகு அதுவே கம்பெனியின் பெயரும் ஆயிற்று.

அன்று அவர்களுக்கு இருந்த பெரிய தலைவலி எது? என்ஜினில் பாயும் தீப்பொறி, ரேடியோவில் "கரகர" என்று கேட்டது. அதை அடக்கப் படாத பாடு பட்டார்கள். கம்பியைச் சரியாக இழுக்காவிட்டால் இன்றைக்கும் என்ஜின் சத்தம் பாட்டில் கேட்கத்தான் செய்கிறது!

யாருக்கு என்ன வேலை?

முதலில் ஆட்களைத் தெரிந்து கொள்வோம்.

டிரைவருக்கு எதிரே இருக்கும் பாட்டுப் பெட்டி, பாடகர் மாதிரி. நன்றாகப் பாடும். ஆனால் மெல்லிய குரல்.

ஆம்ப்ளிபயர், மைக் செட் மாதிரி. மெல்லிய குரலை வாங்கிப் பலத்த குரலாக ஆக்கும். அதற்கு வேண்டிய பலத்தைப் பேட்டரியிலிருந்து உறிஞ்சும்.

ஸ்பீக்கர், வாய் மாதிரி. அதற்குள் ஒரு காந்தமும் ஒரு கம்பிச் சுருளும் இருக்கின்றன. மின்சாரம் போனால் சுருள் முன்னும் பின்னும் அசையும். அதோடு ஒட்டிய கூம்பும் அசையும். காற்று அதிரும். அதுதான் சத்தம். இன்றைய ஸ்பீக்கர்களுக்கு வழிகாட்டிய அமைப்பை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-ல் செய்து காட்டினார்கள்.

ஊபர் என்பது பெரிய ஸ்பீக்கர். தவில், மிருதங்கம் போன்ற கனத்த ஓசைக்கு மட்டும் அது. நம் காது விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கும். சுமார் 80 அதிர்வுக்குக் கீழே உள்ளதை ஊபருக்கு விடுவார்கள். மேலே உள்ளதைச் சின்ன ஸ்பீக்கருக்கு விடுவார்கள். இதற்கென ஆம்ப்ளிபயரிலேயே ஒரு திருகு இருக்கும்.

கிணறும் குழாயும்

மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரை நினைத்துக் கொண்டால் எளிதில் புரிந்துவிடும்.

மேட்டில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டியின் உயரம்தான் வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவுதான் ஆம்பியர். குழாய் எவ்வளவு குறுகலோ, அதுதான் ஓம். குழாய் குறுகலாக இருந்தால் தண்ணீர் குறையும். அகலமாக இருந்தால் தண்ணீர் பாயும்.

இந்தக் கணக்கை 1827-ல் எழுதி வைத்தவர் ஜார்ஜ் ஓம் என்ற ஜெர்மன்காரர். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! அவர் பெயரைத்தான் இன்று ஒவ்வொரு ஸ்பீக்கரின் முதுகிலும் அச்சிட்டிருக்கிறார்கள்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். இவ்வளவு தெரிந்தால் போதும். கடைக்காரர் உங்களை ஏமாற்ற முடியாது!

3000 வாட் மாயம்

பெட்டியின் மேல் "3000 வாட்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். நம்பலாமா?

ஆம்ப்ளிபயரில் செருகியிருக்கும் பியூசைப் பாருங்கள். அதில் 30 என்று இருக்கிறதா? அப்படியானால் அது பேட்டரியிலிருந்து தொடர்ந்து இழுக்கக் கூடியது 30 ஆம்பியர்தான். பேட்டரி பன்னிரண்டரை வோல்ட். இரண்டையும் பெருக்குங்கள். 375 வாட்!

அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். நல்ல ஆம்ப்ளிபயரானால் நூற்றுக்கு 80 பங்கு சத்தத்துக்குப் போகும். ஆக, 300 வாட். 375 உள்ளே போய், 3000 எப்படி வெளியே வரும்? படி அரிசியில் மரக்கால் சோறு வடித்த கதைதான்!

பியூசா, காவல்காரனா?

இப்போது அந்த வாலிபரின் பதிலுக்கு வருவோம்.

"பியூஸ் ஆம்ப்ளிபயரிலேயே இருக்கிறது" என்றார். உண்மைதான். ஆனால் அது ஆம்ப்ளிபயருக்குக் காவல். கம்பிக்குக் காவல் யார்?

காரில் பேட்டரி முன்னால் இருக்கிறது. ஆம்ப்ளிபயர் பின்னால், டிக்கியில் இருக்கிறது. நடுவில் 5 மீட்டர் கம்பி ஓடுகிறது. லாரியில் பேட்டரி, வண்டியின் பக்கவாட்டில் சட்டத்தின் மேல் இருக்கும். அங்கிருந்து கம்பி, தகரத்தை உரசிக்கொண்டு கேபினுக்குள் ஏற வேண்டும்.

வண்டி குலுங்கும். கம்பி தகரத்தில் தேயும். ஒரு நாள் மேல்தோல் அறுந்து செம்பு வெளியே தெரியும். அது தகரத்தைத் தொட்டால் போதும். பேட்டரியின் பலம் முழுவதும் அந்த இடத்தில் பாயும். நூற்றுக் கணக்கான ஆம்பியர்! கம்பி சிவக்கும். மேல்தோல் எரியும். பக்கத்தில் இருக்கும் பஞ்சும் ரெக்சினும் பற்றிக்கொள்ளும்.

ஆம்ப்ளிபயரில் உள்ள பியூஸ் அப்போது என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. மின்சாரம் அது வரைக்கும் வரவே இல்லையே! கொல்லைக் கதவைப் பூட்டிவிட்டு வாசல் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான்.

ஆகவே, பேட்டரிக்கு மிக அருகில், ஒன்றரை அடிக்குள், கம்பியின் மேல் ஒரு பியூஸ் கட்டாயம் வேண்டும். கம்பி தகரத்தைத் தொட்ட கணமே அது உருகி அறுந்துவிடும். தீ இல்லை. புகை இல்லை. பாட்டு மட்டும் நின்றுவிடும்.

இந்தப் பியூஸ் மலிவான சாமான். லாரியோ லட்சக் கணக்கில்!

பியூஸ் போய்விட்டால் சிலர் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுவார்கள். சிலர் செம்புக் கம்பியை முறுக்கி வைப்பார்கள். இது கூடவே கூடாது. பியூஸ் சும்மா போகாது. எங்கோ கோளாறு இருக்கிறது என்று அது சொல்கிறது. சொன்னவன் வாயை அடைத்தால் கோளாறு தீருமா?

கம்பி தகரத்தைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில் ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். இதுவும் மலிவான சாமான்தான்.

மெல்லிய கம்பி, பெரிய சூடு

"எந்தக் கம்பியாக இருந்தால் என்ன? எல்லாம் செம்புதானே!" என்பார் சிலர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல ஆம்ப்ளிபயர் ஒன்று 400 வாட் சத்தம் தருகிறது. பேட்டரியிலிருந்து அது 500 வாட் இழுக்கும். பன்னிரண்டரை வோல்ட்டால் வகுத்தால் 40 ஆம்பியர்.

வீட்டுக்கு இழுக்கும் இரண்டரைக் கம்பி, அதாவது இரண்டரை சதுர மில்லிமீட்டர் கம்பி. அதை 5 மீட்டர் இழுத்து இதற்குப் போட்டால், வழியிலேயே 1.4 வோல்ட் தொலைந்துவிடும். பன்னிரண்டரையில் ஏறக்குறைய பதினொன்றுதான் போய்ச் சேரும். தொலைந்தது எங்கே போயிற்று? சூடாக மாறிவிட்டது. 56 வாட் சூடு! தரை விரிப்பின் அடியில், காற்றுப் புகாத இடத்தில், ஒரு சூட்டுக்கோல் கிடப்பது போல!

அதே இடத்தில் 16 சதுர மில்லிமீட்டர் கம்பி போடுங்கள். தொலைவது கால் வோல்ட்டுக்கும் குறைவு. இதற்கு 50 ஆம்பியர் பியூஸ் பொருத்தமாக இருக்கும்.

கம்பியிலும் கலப்படம் உண்டு. வெளியே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அலுமினியம் அதே கனத்தில் செம்பைப் போல மின்சாரத்தைக் கடத்தாது. நூற்றுக்குச் சுமார் 60 பங்குதான். கண்டுபிடிப்பது எப்படி? ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். கையில் தூக்கினாலும் கனம் இருக்காது.

எர்த் கம்பி, ஏமாற்றும் கம்பி

பேட்டரியிலிருந்து போன மின்சாரம் திரும்பி வர வேண்டும். வரும் வழிதான் எர்த் கம்பி. போகிற ரோடு அகலமாகவும் வருகிற ரோடு ஒற்றையடிப் பாதையாகவும் இருந்தால் என்ன பயன்? ஆகவே, எர்த் கம்பியும் அதே தடிமனில் இருக்க வேண்டும்.

காரில் இது முழ நீளத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. பெயின்ட் மேல் முறுக்கினால் வேலை செய்யாது. உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகே போல்ட் போட்டு முறுக்க வேண்டும்.

லாரியில் இன்னும் ஜாக்கிரதை. கேபினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் கட்டை இருக்கும். கேபின் தகரத்தை நம்பாதீர்கள். எர்த் கம்பியைச் சட்டம் வரைக்கும் இழுத்துக் கட்டுங்கள்.

இன்னும் இரண்டு சின்னக் கம்பிகள்

பாட்டுப் பெட்டியிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் பாட்டைக் கொண்டு போகும் கம்பி ஒன்று உண்டு. ஆர்.சி.ஏ. கம்பி என்பார்கள். இதில் ஓடுவது மிக மெல்லிய மின்சாரம். பேட்டரிக் கம்பி ஒரு பக்கம் போனால், இது மறு பக்கம் போக வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க "ஙொய்" என்று பாட்டில் ஒரு சத்தம் ஏறும். கால்வின் காலத்துத் தலைவலி திரும்பி வந்துவிடும்!

இன்னொன்று, "எழுந்திரு" என்று சொல்லும் கம்பி. ரிமோட் கம்பி என்று அதற்குப் பெயர். பாட்டுப் பெட்டியைப் போட்டால் ஆம்ப்ளிபயர் விழிக்கும். நிறுத்தினால் தூங்கும். இதை நேரே பேட்டரியில் கட்டினால் ஆம்ப்ளிபயர் தூங்கவே தூங்காது. காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி "டக்" என்று மட்டும் சொல்லும்!

ஒளிந்திருந்த தவறு

அந்த வாலிபரின் வேலையில் இன்னொரு தவறு இருக்கிறது என்று சொன்னோம் அல்லவா? அது இதுதான்.

காரின் மின்சாரம் 12 வோல்ட். பெரிய லாரியின் மின்சாரம் 24 வோல்ட்!

லாரியில் இரண்டு பேட்டரிகள் உண்டு. ஒவ்வொன்றும் 12 வோல்ட். இரண்டையும் தொடராகக் கட்டி 24 ஆக்கியிருக்கிறார்கள். கார் ஆம்ப்ளிபயரை நேரே 24-ல் மாட்டினால் அது அங்கேயே தீர்ந்தது. புகை வரும்.

"அது எனக்குத் தெரியாதா அண்ணே! இரண்டு பேட்டரியில் ஒன்றில் மட்டும் கம்பி எடுத்தால் 12 வோல்ட் கிடைத்துவிடுமே!" என்பார் வாலிபர்.

கிடைக்கும். பாட்டும் பாடும். சில மாதங்கள் கழித்து இரண்டு பேட்டரியும் போய்விடும்!

ஏன்? ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துப் பாருங்கள். பகலில் இரண்டும் சேர்ந்து உழுகின்றன. இரவில் ஒரு மாட்டை மட்டும் செக்கில் பூட்டுகிறீர்கள். ஆனால் தீனி இரண்டுக்கும் ஒரே அளவு. உழைத்த மாடு மெலியும். சும்மா நின்ற மாடு தின்று தின்று வயிறு ஊதும்.

பேட்டரியும் அப்படித்தான். என்ஜின் ஓடும்போது இரண்டுக்கும் ஒரே அளவில்தான் சார்ஜ் ஏறும். கம்பி எடுத்த பேட்டரிக்கு அது போதாது. மற்றதற்கு அது அதிகம். ஒன்று வற்றும். மற்றொன்றில் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து குறையும். கடைசியில், நடு ரோட்டில் சரக்கோடு வண்டி நிற்கும்.

சரியான வழி எது? 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வர்ட்டர் வாங்கி நடுவில் மாட்ட வேண்டும். அதிலும் அளவு பார்க்க வேண்டும். 10 ஆம்பியர் கன்வர்ட்டர் சுமார் 120 வாட்தான் தரும். பாட்டுப் பெட்டிக்கும் சின்ன ஸ்பீக்கருக்கும் அது போதும். 40 ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்ளிபயருக்கு அது எலி இழுக்கும் தேர்! அதைவிட, 24 வோல்ட்டிலேயே வேலை செய்யும் ஆம்ப்ளிபயரைக் கேட்டு வாங்குவது நல்லது.

கன்வர்ட்டருக்குப் போகும் கம்பிக்கும் பேட்டரி அருகில் பியூஸ் வேண்டும். மறந்து விடாதீர்கள்.

கேஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வண்டிகளில் சொந்தமாக ஒரு முழக் கம்பிகூட இழுக்காதீர்கள். ஒரு தீப்பொறி போதும்!

கோவில் கதவுக் கணக்கு

இனி ஸ்பீக்கர் கணக்கு. சாதாரணமாகக் கார் ஸ்பீக்கர் 4 ஓம்.

திருவிழாக் கூட்டம் ஒரே கதவு வழியாக வெளியே வருகிறது. பக்கத்தில் இன்னொரு கதவைத் திறந்தால் என்ன ஆகும்? நெருக்கடி பாதியாகும். இரண்டு மடங்கு ஜனம் வெளியே வரும். ஸ்பீக்கரைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் இப்படித்தான். கூட்டலைக் கூட்டலோடும் கழித்தலைக் கழித்தலோடும் கட்டினால், இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர் சேர்ந்து 2 ஓம் ஆகிவிடும்.

ஒரு கதவைத் தாண்டி இன்னொரு கதவு இருந்தால்? நெருக்கடி இரண்டு மடங்கு. ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டினால், இரண்டு 4 ஓம் சேர்ந்து 8 ஓம்.

சில ஊபர்களில் இரண்டு சுருள் இருக்கும். அதற்கும் இதே கணக்குத்தான். 4 ஓம் சுருள் இரண்டானால், பக்கத்தில் கட்டினால் 2, தொடராகக் கட்டினால் 8.

இதில் அபாயம் எங்கே? ஆம்ப்ளிபயரின் மேல் "குறைந்தது 4 ஓம்" என்று போட்டிருக்கும். அதில் 2 ஓம் கட்டினால் இரண்டு மடங்கு ஜனம் பாயும். ஆம்ப்ளிபயர் கொதிக்கும். தானாக நின்றுவிடும். அல்லது அடியோடு போய்விடும்.

ஊபருக்காக இரண்டு வழியை ஒன்றாகச் சேர்ப்பதும் உண்டு. பிரிட்ஜ் என்பார்கள். அப்படிக் கட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். பக்கத்தில் கட்டினால் 2 ஓம் தாங்கும் ஆம்ப்ளிபயர்கூட, பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே பொதுவாகத் தாங்காது. எந்தத் திருகில் எந்தக் கம்பி என்று ஆம்ப்ளிபயரிலேயே கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். அதன்படியே கட்டுங்கள்.

டார்ச் கட்டை சோதனை

ஊபர் பெரிசு. பணமும் பெரிசு. ஆனாலும் "தம்" என்ற சத்தமே இல்லை! ஏன்?

கூட்டலும் கழித்தலும் மாறியிருக்கும். ஒரு ஸ்பீக்கர் முன்னால் போகும்போது மற்றொன்று பின்னால் போகும். ஒன்று தள்ளிய காற்றை மற்றொன்று இழுத்துக்கொள்ளும். தூளியை இரண்டு பேர் எதிரும் புதிருமாகத் தள்ளினால் தூளி ஆடுமா? நின்றுவிடும்!

இதைக் கண்டுபிடிக்க டார்ச் கட்டை ஒன்று போதும். ஸ்பீக்கர் கம்பிகளை ஆம்ப்ளிபயரிலிருந்து கழற்றுங்கள். கட்டையின் இரு முனையையும் ஸ்பீக்கரின் இரு கம்பியிலும் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளியே துள்ளினால், கட்டையின் கூட்டல் தொட்ட கம்பிதான் கூட்டல். அதில் ஒரு முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஸ்பீக்கரும் ஒரே பக்கம் துள்ள வேண்டும்.

சத்தத் திருகு அல்ல!

ஆம்ப்ளிபயரில் "கெயின்" என்று ஒரு திருகு உண்டு. பலர் அதைச் சத்தத் திருகு என்று நினைத்துக் கடைசி வரைக்கும் திருகிவிடுகிறார்கள். அது சத்தத் திருகு அல்ல. பாட்டுப் பெட்டியின் குரலுக்கு ஏற்ப ஆம்ப்ளிபயரின் காதைச் சரி செய்யும் திருகு.

அளவுக்கு மேல் திருகினால் ஓசை அலையின் தலை வெட்டுப்படும். பாட்டு "பர்ர்" என்று கிழியும். ஸ்பீக்கர் சுருள் சூடேறிக் கருகும்.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். 100 வாட், 4 ஓம் என்றால் 400. அதன் வர்க்கமூலம் 20. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 50 அதிர்வு ஓசையை ஓடவிட்டு, பாட்டுப் பெட்டியை முக்கால் அளவு சத்தத்தில் வையுங்கள். மீட்டரில் 20 ஏ.சி. வோல்ட் காட்டும் வரை கெயினைத் திருகுங்கள். அத்தோடு நிறுத்துங்கள்.

மீட்டர் இல்லையா? பாட்டு கிழியத் தொடங்கும் இடம் வரை திருகி, அங்கிருந்து நன்றாகக் குறைத்துவிடுங்கள்.

காது போனால் வராது

எல்லாம் சரியாகக் கட்டியாகிவிட்டது. இனி எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

சத்தத்தை டெசிபல் என்று அளப்பார்கள். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான்! மூடிய கேபினுக்குள் பெரிய ஊபர் 100-ஐச் சுலபமாகத் தாண்டும். உள்காதில் உள்ள நுண்ணிய மயிர்க் கால்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

இன்னொரு ஆபத்து அதைவிடப் பெரிது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. அதன் ஹாரன்தான் கண்! பாட்டு அந்த ஹாரனை விழுங்கிவிட்டால்? பின்னால் ஆம்புலன்ஸ் கத்துவது கேட்காவிட்டால்?

சட்டமும் உண்டு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்பு இடத்தில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதி இடம் என்று அரசு அறிவிக்கலாம்.

கேபின் கண்ணாடி அதிரும் அளவுக்குப் பாட்டு வைத்து நடு ராத்திரியில் ஊருக்குள் நுழைந்தால், தூளியில் தூங்கும் பிள்ளை வீறிட்டு எழும். அது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்!

பணம் கொடுக்கும் முன்

நமது லாரிக்காரரிடம் திரும்பி வருவோம். கம்பி வேலை முடிந்தது. வாலிபர் கூலி கேட்கிறார். அப்போது இந்த ஆறு கேள்விகளைக் கேட்க வேண்டும்:

ஒன்று: பேட்டரி பக்கத்தில் பியூஸ் எங்கே? காட்டு.

இரண்டு: கம்பி எத்தனை சதுர மில்லிமீட்டர்? சுத்தச் செம்புதானா?

மூன்று: கம்பி தகரத்தைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் இருக்கிறதா?

நான்கு: எர்த் கம்பி இரும்பில் படுகிறதா, பெயின்டில் படுகிறதா?

ஐந்து: 24 வோல்ட்டை 12 ஆக்கியது எப்படி? ஒரு பேட்டரியில் மட்டும் எடுக்கவில்லையே?

ஆறு: எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து எத்தனை ஓம்? ஆம்ப்ளிபயர் அதைத் தாங்குமா?

வேலை தொடங்கும் முன்பே பேட்டரியின் கழித்தல் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். வேலை முடிந்த பிறகு அதைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும். கூட்டல் கம்பியை முதலில் கழற்றினால், ஸ்பானர் வண்டி உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் வாயு எளிதில் பற்றும்.

பிறகு அரை மணி நேரம் பாட்டை ஓடவிட்டு, கம்பியைக் கையால் தடவிப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு இருந்தால் பாதகம் இல்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் கம்பி போதாது. வண்டியில் ரப்பர் கருகும் வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். வீட்டுப் பெண்கள் வண்டியில் ஏறும்போது, "ஏதோ வாடை வருகிறதே" என்று சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். அடுப்படியில் பழகிய மூக்கு தவறாது!

இந்த ஆறு கேள்விக்கும் சரியான பதில் சொல்லும் தொழிலாளி, கூலியில் கொஞ்சம் அதிகம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அவர் விற்பது கம்பி அல்ல. ராத்திரியில் வீட்டில் இருப்பவர்களின் நிம்மதி!

டிரைவர் கண் விழித்து ஓட்டப் பாட்டு வேண்டும். பாட்டுக்குக் கம்பி வேண்டும். கம்பிக்குக் காவலாகப் பியூஸ் வேண்டும். அது பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும்.

கச்சேரி நடக்கட்டும். வண்டி பத்திரமாக வீடு வந்து சேரட்டும்!